கேர் ஆஃப் முகவரி

நான் தேடிப் போனது ஒரு பெரிய மனிதரை. என் அப்பாவின் அப்பா. கல்கத்தாவில் ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பத்தில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் காலை நீட்டிக்கொண்டிருப்பவர்கள்கூட மடக்கிக்கொள்வார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவர்களுக்கெல்லாம் வேலை போட்டுக் கொடுத்தவர், தங்க இடம் கொடுத்தவர், அவர் இல்லாவிட்டால் நமக்கு இந்த ஊரே இல்லை என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். கல்கத்தா நியூ டவுனில் என்னுடைய ஃபிளாட்டின் ஹாலில் அவர் படம் இருந்தது. இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பித்து வைத்தவன் பெங்களூரில் இருக்கும் என் தம்பி. குடும்ப வரலாறு என்று ஒரு புத்தகம் போட வேண்டுமாம். நடுப்பக்கத்தில் தாத்தா. அவருடைய சர்வீஸ் ரிகார்டு ஏதாவது ஆவணக்காப்பகத்தில் கிடைத்தால் அதைப் படம் எடுத்துப் போடலாம் என்றான். "நீ ரிட்டயர் ஆகி சும்மாத்தானே இருக்கே" என்றும் சொன்னான். முப்பத்தைந்து வருஷம் பாங்கில் கோப்புகளோடு மாரடித்தவளைப் பார்த்துச் 'சும்மா' என்கிற துணிச்சல் உடன்பிறந்தவனுக்குத்தான் வரும். திட்டிவிட்டு, சரி என்றேன். கோப்பைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

இந்தச் செய்தி எப்படியோ டாக்குரியா அத்தையின் காதுக்குப் போய்விட்டது. டாக்குரியா அத்தை என் அப்பாவின் சித்தப்பா மகள். தாத்தாவின் சொந்தத் தம்பியின் ஒரே பெண். எண்பத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தெற்குக் கல்கத்தாவில் டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மாடியில் தனியாக இருக்கிறாள். அவளாக எனக்கு போன் செய்தது என் நினைவில் இரண்டாவது முறை. முதல் முறை என் அப்பா இறந்தபோது.

"அங்கே போறயாமே. அப்படியே எங்கப்பா பேரையும் பாரேன்" என்றாள். விவரத்தைப் போனில் கேட்க வேண்டாம் என்று நேரிலேயே போனேன்.

அவளுடைய அப்பா, என் சின்னத் தாத்தா, தாத்தா இருந்த அதே அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வேலை வாங்கிக் கொடுத்தவர் தாத்தாதான். சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அங்கே எழுத்தர்கள் சிலர் ஒருநாள் வேலை செய்ய மறுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். சின்னத் தாத்தாவும் உட்கார்ந்தார். தாத்தா உட்காரவில்லை. உட்கார்ந்த எல்லாருக்கும் வேலை போயிற்று. நாடு சுதந்திரமானபின் அவர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கடிதம் போட்டு மறுபடி எடுத்துக்கொண்டார்கள். சின்னத் தாத்தாவை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

இது எனக்குத் தெரிந்த கதைதான். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வால் உண்டு. "எல்லாரையும் எடுத்துண்டா, அவனை மட்டும் எடுத்துக்கலைன்னா வேற ஏதோ பண்ணியிருக்கான்." என்ன பண்ணினார் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டால்தானே எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ள முடியும். அத்தைக்கு வந்த இரண்டு வரன்கள் இந்த 'வேற ஏதோ'வில்தான் நின்று போயின. நானே ஒரு கல்யாணப் பந்தலில், அத்தை ஏன் தனியாக இருக்கிறாள் என்று கேட்ட ஒரு மாமியிடம், "அவ அப்பா விஷயம் கொஞ்சம் ஒரு மாதிரி" என்று கையை ஆட்டிச் சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. எனக்கு ஒன்றும் தெரியாது. கையை மட்டும் நன்றாக ஆட்டினேன்.

அத்தை அன்றைக்குச் சுற்றி வளைக்கவில்லை. "எங்கப்பா என்ன தப்பு பண்ணினார்னு எனக்குத் தெரியணும். திருடினாரா, பொய்க் கையெழுத்து போட்டாரா, எதுவா இருந்தாலும் பரவாயில்லை. தெரியாமப் போகக் கூடாது. அவ்வளவுதான்."

பிறகு சனிக்கிழமைகளைப் பற்றிச் சொன்னாள். அலுவலகப் பதிவேட்டில் சின்னத் தாத்தாவின் முகவரி, கேர் ஆஃப் என்று போட்டு, அண்ணாவின் வீடுதான். அந்தக் காலத்தில் தெற்கிலிருந்து வந்த யாருமே அப்படித்தான் கொடுத்தார்கள். யார் வேலை போட்டுக் கொடுத்தாரோ அவர் வீட்டு முகவரி. கல்யாணமாகி, பெண் பிறந்து, மூன்று தெரு தள்ளித் தனிக்குடித்தனம் வந்த பிறகும் அவர் அதை மாற்றவில்லை.

"அம்மா சொல்லிண்டே இருந்தா, ஆபீஸ்ல அட்ரஸ் மாத்திக் குடுங்கோன்னு. மாத்தினா நான் பிரிஞ்சு போயிட்டேன்னு ஊருக்குச் சொல்றாப்பல ஆயிடும், அண்ணா மனசு கஷ்டப்படும்னுட்டார்."

ஆகவே கடிதம் வந்தால் அண்ணா வீட்டுக்குத்தான் வரும். மற்றவர்களுக்குக் கடிதம் வர ஆரம்பித்ததும் சின்னத் தாத்தா சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போவார். லெட்டர் வந்துதா அண்ணா என்று கேட்பார். இன்னும் வரலைடா, காபி சாப்பிட்டுட்டுப் போ என்பார் தாத்தா. இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படி நடந்தது என்றாள் அத்தை.

"நேரா ஆபீஸுக்குப் போய்க் கேட்டிருக்கலாமே?" என்றேன். பாங்கில் இருந்தவளுக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

"பெரியப்பா விசாரிச்சேன்னாரே. உன் பேர் லிஸ்ட்ல இல்லை, நீ வந்து நின்னா எனக்குத்தான் கெட்ட பேர், பொறுத்துக்கோன்னார். அப்பறம் எங்கப்பா எப்படிப் போவார்? அந்தத் தெருப் பக்கமே போகமாட்டார், வெக்கம். ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல பசங்களுக்குச் சொல்லிக் குடுத்துண்டு காலத்தைத் தள்ளினார். கூப்பிடுவா, கூப்பிடுவான்னு சொல்லிண்டே இருந்தார். எனக்குப் பத்தொன்பது வயசுல போயிட்டார்."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையைச் சொன்னால், அவர் ஏதாவது செய்திருப்பார் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அலிப்பூர்ப் பக்கம் இருக்கிற ஓர் ஆவணக்காப்பகம். எது என்று சொல்லப்போவதில்லை. அங்கிருந்தவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. முதல் நாள் வாசகர் அறைப் பொறுப்பாளரான அம்மாள் ஒரு படிவத்தைக் கொடுத்தார். ஆராய்ச்சித் தலைப்பு என்ன, வழிகாட்டி யார், எந்தப் பல்கலைக்கழகம் என்று வரிசையாகக் கேள்விகள். எனக்கு அறுபத்திரண்டு வயது, என் தாத்தாவைத் தேடி வந்திருக்கிறேன் என்றேன். தாத்தாவுக்குத் தனிப் படிவம் இல்லை, ஏதாவது ஒரு தலைப்பு போடுங்கள் தீதி, அதாவது அக்கா, என்றார். 'தனிப்பட்டது' என்று எழுதினேன். அதற்கு ஒரு மேலதிகாரியின் கையெழுத்து வேண்டியிருந்தது. அவர் லீவு. ஒரு வாரம் போயிற்று.

பிறகு செவ்வாயும் வியாழனும் போக ஆரம்பித்தேன். பேனா கூடாது, பென்சில்தான். செல்போன் லாக்கரில். கோப்பு எண்ணைக் கையால் எழுதிய பெரிய பதிவேடுகளில் தேடி, சீட்டில் குறித்துக் கொடுத்தால் உள்ளே போய்க் கட்டை எடுத்து வருவார்கள். ஒரு நாளைக்கு மூன்று சீட்டு. மூன்றில் ஒன்று கட்டில் இல்லை என்று திரும்பி வரும். ஒன்று தொட்டால் உதிரும், தர முடியாது என்று திரும்பி வரும். மிச்சம் ஒன்று யாரோ ஒருவருடைய விடுப்பு விண்ணப்பமாக இருக்கும். கட்டுகளை எடுத்து வருபவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வங்காளி. எல்லாரும் அவரை அண்ணன் என்கிற அர்த்தத்தில் தாதா என்று கூப்பிட்டார்கள். தூசிக்குப் பயந்து மூக்கையும் வாயையும் ஒரு கம்சாத் துண்டால் கட்டிக்கொண்டிருப்பார், நான் அவர் முகத்தை முழுதாகப் பார்த்ததே மூன்றாவது வாரம் டீ குடிக்கும்போதுதான்.

"இங்கே வருகிறவர்கள் எல்லாரும் ஜமீன்தாரைத் தேடி வருவார்கள்" என்றார் அவர் வங்காளியில், மண் குவளையை ஊதிக்கொண்டே. "நீங்கள் ஒருத்தர்தான் டைப்பிஸ்டைத் தேடுகிறீர்கள்."

"டைப்பிஸ்ட் இல்லை தாதா, தலைமை எழுத்தர்" என்றேன். இரண்டு பேரையும் தேடினாலும் வாயில் தாத்தாதான் முதலில் வந்தார்.

தாத்தாவைப் பற்றி நிறையக் கிடைத்தது. பதவி உயர்வு உத்தரவு, ஓய்வு பெற்றபோது மேலதிகாரி எழுதிய பாராட்டுக் குறிப்பு. நாணயமானவர், நம்பத்தக்கவர் என்று இருந்தது. தம்பிக்கு வேண்டிய சாமான் இதுதான் என்று பென்சிலால் நகல் எடுத்துக்கொண்டேன். பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. நீக்கப்பட்ட எழுத்தர்களை மீண்டும் எடுத்துக்கொள்வது பற்றிய கோப்பு என்று பதிவேட்டில் ஒரு வரி கண்ணில் பட்டது. சீட்டு கொடுத்தேன். இரண்டு தடவை இல்லை என்று திரும்பி வந்தது. மூன்றாவது தடவை தாதா பக்கத்துக் கட்டையும் பிரித்துப் பார்த்து, இடம் மாறி இருந்ததை எடுத்து வந்து, மேஜையில் வைத்து, கம்சாவால் ஒரு தட்டுத் தட்டினார்.

கோப்பைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். பாங்கில் சேர்ந்த புதிதில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. முன்னால் இருப்பது முடிவு, பின்னால் இருப்பதுதான் நடந்தது. ஆகவே கடைசித் தாளிலிருந்து ஆரம்பித்தேன்.

முதலில் பட்டியல். பதினோரு பேர். எல்லாரையும் எடுத்துக்கொள்ளலாம் என்று கீழே உத்தரவு. ஏழாவது பெயர் சின்னத் தாத்தாவினுடையது. பெயருக்கு நேரே குற்றம் என்று ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கு நேரே இருந்த அதே ஒற்றைச் சொல்தான் அவருக்கும்: 'தகுதியானவர்.' அப்போதே எழுந்து அத்தைக்கு போன் செய்திருக்க வேண்டும். செல்போன் லாக்கரில் இருந்தது. மேலும், மிச்சத் தாள்களைப் படிக்காமல் எழுந்து போகிற பழக்கம் எனக்கு இல்லை.

அடுத்து அவருக்குப் போட்ட கடிதத்தின் அலுவலக நகல். ஒரு மாதத்துக்குள் வந்து வேலையில் சேரவும் என்று. முகவரி, கேர் ஆஃப் போட்டு, எங்கள் வீடு. அதன் முதுகில் தபால் ஒப்புகைச் சீட்டை ஒட்டியிருந்தார்கள். பெற்றுக்கொண்டவர் கையெழுத்து தாத்தாவினுடையது. அந்தக் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். என் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் அப்பா ஊரில் இல்லாதபோது அவர் போட்டிருக்கிறார்.

அதற்கு அடுத்த தாள் தாத்தா அலுவலகத்துக்கு எழுதியது. சொந்தக் கையால், இங்கிலீஷில், அழகான சாய்வெழுத்தில். தன் தம்பி உடல்நலம் குன்றிக் குடும்பத்தோடு சொந்த ஊருக்கே நிரந்தரமாகப் போய்விட்டதாகவும், வேலைக்குத் திரும்ப விருப்பமில்லை என்று தன்னிடம் தெரிவித்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். அதே கடிதத்தின் இரண்டாவது பத்தியில், அந்தக் காலியிடத்துக்குத் தன் மனைவியின் தம்பியைப் பரிசீலிக்கலாம், டைப்ரைட்டிங் ஹயர் தேறியவன், ஒழுக்கமானவன், எந்தத் தகராறிலும் சேராதவன் என்றிருந்தது.

குறிப்புத் தாளில் ஓர் அதிகாரி சிவப்பு மையில் 'பார்த்தேன், நியமிக்கலாம்' என்று எழுதியிருந்தார். சின்னத் தாத்தாவின் பெயருக்கு எதிரே 'மேற்கொண்டு நடவடிக்கை இல்லை' என்று இருந்தது.

தேதிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகுதான் அந்த சனிக்கிழமைகளில் பெரும்பாலானவை வந்திருக்கின்றன. மூன்று தெரு தள்ளி இருந்தவர் ஊருக்குப் போய்விட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அவரை வாரா வாரம் எதிரே உட்காரவைத்துக் காபி கொடுத்திருக்கிறார் என் தாத்தா.

இதோடு முடிந்திருந்தால் தாத்தாவைத் திட்டித் தீர்த்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் அந்த மனைவியின் தம்பி யார்? பாட்டியின் தம்பி. எங்கள் வீட்டு முறைப்படி அப்பாவுக்கு மாமா. அவர் வேலையில் சேர்ந்து, குடும்பத்தை இங்கே கொண்டுவந்து, அவருடைய பெண்ணை என் அப்பாவுக்கு முறைப்பெண் என்று கட்டிக் கொடுத்தார்கள். என் அம்மா அவள். அப்பாவின் அப்பா எழுதிய கடிதத்தில் அம்மாவின் அப்பாவுக்கு வேலை. அந்தத் தாள் இல்லாவிட்டால் அம்மா கும்பகோணத்திலேயே யாரையாவது கட்டிக்கொண்டிருப்பாள். நானும் என் தம்பியும் இல்லை. கோபப்படுவதற்குக்கூட எனக்கு அந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்கிறது.

கோபம் வந்தது. தாத்தாவின் மேல், அந்த அழகான சாய்வெழுத்தின் மேல், பந்தலில் கையை ஆட்டிய என் மேல். வாய்விட்டு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து மேஜை மாணவி நிமிர்ந்து பார்த்தாள். தாதா வந்து, "கீ ஹோலோ தீதி?" என்று கேட்டார். என்ன ஆயிற்று என்று. கிடைத்துவிட்டது என்றேன். அவர் சந்தோஷப்பட்டார்.

ஒவ்வொரு தாளையும் வரி விடாமல் பென்சிலால் நகல் எடுத்தேன். சான்றிட்ட நகல் வேண்டுமென்றால் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். எனக்கு என் கையெழுத்துப் போதும்.

அன்று சாயங்காலமே தம்பிக்கு போன் செய்து படித்துக் காட்டினேன்.  கேட்டுவிட்டுச் சொன்னான்.

"புஸ்தகத்துல இதையெல்லாம் போட முடியாது. அந்தக் காலத்துல என்ன நெருக்கடியோ. பாட்டி பிடுங்கியிருப்பா. நாம உட்கார்ந்துண்டு தீர்ப்பு சொல்லக் கூடாது."

"புஸ்தகம் கிடக்கட்டும். அத்தைகிட்ட என்ன சொல்றது?"

"எதுக்குச் சொல்லணும்? எண்பத்தேழு வயசு. இனிமே தெரிஞ்சு என்ன பண்ணப் போறா? சும்மா மனசு கஷ்டப்படும். கிடைக்கலைன்னு சொல்லிடு, நல்லதுதான்."

அவனைத் திட்டிவிட்டு வைத்தேன். ஆனால் அவன் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அத்தையின் ரத்தக் கொதிப்பு, அவளுடைய தனிமை, ராத்திரி ஏதாவது ஆனால் யார் பார்ப்பது என்று காரணங்களாக அடுக்கினேன். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. அடுக்கி முடித்தபோது ஒன்று புரிந்தது. நான் பயந்தது அவளுக்காக இல்லை. அவள் என்னைப் பார்க்கப் போகிற பார்வைக்கு.

மறுநாள் பதினொரு மணிக்கு டாக்குரியா போனேன். நான் வருவதாகப் போனில் சொல்லியிருந்தேன். அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, கஞ்சி போட்ட வெள்ளைத் தாந்த் கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டு. வாசற்படியைத் தாண்டுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"வந்துதா?"

கைப்பையில் எட்டுத் தாள் நகல் இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டே சொன்னேன்.

"இன்னும் வரலை அத்தை. தேடிண்டிருக்கா."

அவள் தலையை ஆட்டினாள். ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. பழக்கம் இருந்தது அவளுக்கு. மழையைப் பற்றியும் ஏரிக்கரையில் மரம் விழுந்ததைப் பற்றியும் கொஞ்சம் பேசினோம். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அண்ணி முறை வைத்து நான் பௌதி என்று கூப்பிடும் கீழ்வீட்டுப் பெண் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அத்தைக்கு மருந்து, காய்கறி எல்லாம் பார்த்துக்கொள்கிறவள். "இவ்வளவு சீக்கிரம் போகிறீர்களா? மாஷிமா விடிகாலையிலிருந்து புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அப்பாவுடைய லெட்டர் வருகிறது என்று" என்றாள் வங்காளியில்.

லெட்டர் என்றுதான் சொன்னாள். கோப்பு என்று சொல்லவில்லை. அத்தை அவளிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

கேட்டின் கொண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் மேலே சொல்லிவிட்டு வந்தது யாருடைய வாக்கியம் என்று அப்போதுதான் உறைத்தது. தாத்தாவின் கையெழுத்து எனக்கு வரவில்லை. பேச்சு அப்படியே வந்திருக்கிறது. யோசிக்காமல், தடுக்காமல், அதே சொல். 

மறுபடி மாடி ஏறினேன். அத்தை அதே நாற்காலியில் அதே மாதிரி இருந்தாள்.

"என்னடி, குடையை விட்டுட்டயா?"

"லெட்டர் வந்துடுத்து அத்தை" என்றேன். "பொய் சொல்லிட்டேன். பையிலதான் இருக்கு."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். எழுந்து உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. இரண்டு டம்ளர் காபியோடு வந்து, ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். "படி" என்றாள்.

பட்டியலைப் படித்தேன். ஏழாவது பெயரைப் படித்தேன். தகுதியானவர் என்பதைப் படித்தேன். ஒரு மாதத்துக்குள் வந்து சேரவும் என்கிற கடிதத்தைத் தமிழில் சொன்னேன். முகவரியை விட்டுவிட்டேன்.

"தப்புன்னு ஒண்ணும் போடலையா?"

"ஒண்ணும் இல்லை அத்தை. அவர் ஒரு தப்பும் பண்ணலை."

"அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் படி."

படித்தேன்.

"கூப்பிட்டிருக்கா" என்றாள். பிறகு எதிர்ச்சுவரில் இருந்த தன் அப்பாவின் சின்னப் படத்தைப் பார்த்துச் சொன்னாள். "கூப்பிட்டிருக்கா அப்பா உன்னை."

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. இதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், மறைக்காமல் சொல்கிறேன், அப்போதும் நினைத்தேன். ஆனால் நாற்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவள். ஒரு படி விட்டுப்போனால் கண்டுபிடிக்காமல் இருக்க மாட்டாள்.

"எந்த அட்ரஸுக்குப் போட்டிருந்தா?"

"கேர் ஆஃப் போட்டு" என்றேன்.  "எங்காத்து அட்ரஸுக்கு."

"வந்து சேந்துதா?"

"தாத்தா கையெழுத்துப் போட்டு வாங்கிண்டிருக்கார்."

மிச்சத்தையும் படித்தேன். சாய்வெழுத்துக் கடிதத்தை, இரண்டாவது பத்தியை, சிவப்பு மையை. அந்த வேலை யாருக்குப் போயிற்று என்பதை அவள் கேட்கும் முன்பே, என் அம்மாவின் அப்பாவுக்கு என்று சொன்னேன். அவர் அங்கே வேலை பார்த்தது அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கும், வேறு இடம் காலியாகி அவர் சேர்ந்தார் என்று மட்டும் நம்பவைத்திருந்தார்கள்.  என்னை அவள் பார்த்த பார்வையில் நான் பயந்த எதுவும் இல்லை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கண் வேறு எங்கோ இருந்தது.

ஸ்டேஷனுக்கு ஒரு லோக்கல் ரயில் வந்து நின்று போயிற்று. அதற்குப் பிறகுதான் பேசினாள்.

"உங்காத்துல காபி நன்னா இருக்கும். திக்கா, ஃபில்டர்ல இறக்கினது. எங்காத்துல அப்போ காபி கிடையாது." "திரும்பி வரச்சே எங்கப்பா வழியெல்லாம் சொல்லிண்டு வருவார். பாரு, அண்ணா எவ்வளவு பிரியமா காபி குடுத்தார் பாருன்னு."

நான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.